கதகதப்புக்குக் கொடுத்த காசு

திருச்சியில் ஆண்டுக்குப் பத்து மாதம் குளிர்ச்சிக்காகவே பணம் செலவழிக்கும் எங்களைப் போன்றவர்கள் ஜனவரியில் ஊட்டிக்குப் போய் மூன்று இரவுகள் தங்கினால், அங்கே கையைவிட்டுப் போகும் ஒவ்வொரு ரூபாயும் சூட்டுக்காகத்தான் போகிறது என்பதை இந்த முறைதான் கவனித்தேன். இதற்கு முன் நான்கைந்து முறை போயிருக்கிறேன். எல்லாம் மே மாதப் பயணங்கள். பிள்ளைகளோடு, சுற்றுலாப் பேருந்தில், ஒரே நாளில் தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா என்று ஓடிவிட்டு, ஈரவாடை அடிக்கும் விடுதி அறையில் ஒரே கம்பளிக்கு இரண்டு பேர் சண்டையிட்ட பயணங்கள். இந்த முறை உடன் வந்தவள், இயற்பியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற என் தங்கை. "ஒரு தடவையாவது பெரிய ஓட்டல்ல, கணக்குப் பார்க்காம இருந்துட்டு வரணும்க்கா" என்று அவள் சொன்னதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

கணக்குப் பார்க்காமல் இருப்பது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கைவராத வித்தை. அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்பதைப் பதிவு செய்யும்போதே அவள் கண்டுபிடித்து, அரை மணி நேரம் பேசாமல் இருந்தாள். சீசன் இல்லாத மாதத்தில், வாரத்தின் நடுவில் போனதால் வாடகை மே மாதத்தில் பாதிதான் என்று சொல்லித்தான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஏறினோம். 1899இல் குன்னூர் வரையிலும் 1908இல் ஊட்டி வரையிலும் நீண்ட 46 கிலோமீட்டர் பாதை அது. பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில், தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பற்சட்டத்தைப் பற்றிக்கொண்டு, நீராவி எஞ்சின் பின்னால் இருந்து பெட்டிகளைத் தள்ளிச் செல்கிறது. ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நின்றபோது நாங்கள் இறங்கித் தேநீர் குடித்தோம். காரில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க மறக்கக் கூடாது. உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் அந்த நடைமுறை வந்திருக்கிறது.

நாங்கள் தங்கிய ஓட்டல், வெள்ளைக்காரர் காலத்துப் பங்களா ஒன்றைச் சுற்றி எழுப்பியது. மரத்தரை, உயரமான கூரை, பல சிறு கண்ணாடிகள் கோத்த சன்னல்கள், அறைக்கு ஒரு கணப்பு. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் இந்த மலைக்கு ஏறி வந்த பிறகு, சமவெளியின் வெயிலுக்குத் தப்பி ஓடிவந்த வெள்ளைக்காரர்கள் இங்கே வீடு கட்டத் தொடங்கினார்கள். குளிரைத் தேடி இவ்வளவு தூரம் வந்தவர்கள், வந்து சேர்ந்ததும் ஒவ்வொரு அறையிலும் கணப்புக் கட்டி அந்தக் குளிரை விரட்டினார்கள் என்பதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்களும் அதே வேலையைத்தான் செய்யப் போகிறோம் என்பது அப்போது உறைக்கவில்லை.

மாலை ஆறு மணிக்குக் கணப்பு மூட்ட வந்தவருக்கு அறுபது வயது இருக்கும். தலையில் மங்கி குல்லா, தோளில் விறகுக் கட்டு. முதலில் மெல்லிய சுள்ளிகளை அடுக்கி, அதன்மேல் தடித்த கட்டைகளைச் சாய்த்து வைத்து, ஒரே தீக்குச்சியில் பற்ற வைத்தார்.

"இது என்ன மரம்ண்ணே?" என்று தங்கை கேட்டாள்.

"சின்னது கற்பூர மரம்மா, சட்டுனு பிடிச்சுக்கும், ஆனா நிக்காது. பெருசு சீகை. அதுதான் ராத்திரி பூரா நின்னு எரியும்."

கற்பூர மரம் என்று நீலகிரியில் சொல்வது யூகலிப்டஸை. சீகை என்று சொல்வது வாட்டில் மரத்தை. இரண்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. ஊட்டி வளர வளர விறகுக்காக, மலை மடிப்புகளில் அடர்ந்து நிற்கும் சோலைக்காடுகளை வெட்டித் தீர்த்துக்கொண்டிருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டில், விரைந்து வளரும் விறகு வேண்டும் என்பதற்காகவே இவற்றைக் கொண்டுவந்து நட்டார்கள். பிறகு அவை, சீகை குறிப்பாக, கேட்பாரின்றிப் பரவிப் புல்வெளிகளை மூடிவிட்டன. இப்போது அந்நிய மரங்களை அகற்ற வேண்டும் என்று நீதிமன்றமே சொல்லும் நிலை. எங்கள் அறைக் கணப்பில் எரிந்தது ஒருவகையில் அந்தப் பழைய கணக்கின் மிச்சம். குற்ற உணர்வு இல்லாமல் இன்னொரு கட்டையை எடுத்துப் போடலாம் என்று நானே எனக்கு அனுமதி கொடுத்துக்கொண்டேன்.

போகும்முன் அவர் புகைபோக்கியின் தகட்டை மீண்டும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். சன்னலில் ஒரு விரற்கடை அளவு திறந்து வைக்கவும் சொன்னார். குளிர் தாங்காமல் மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு படுத்து, தூக்கத்திலேயே இறந்துபோனவர்களின் செய்திகளை மலை ஊர்களிலிருந்து நாம் அவ்வப்போது படிக்கிறோம். நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வாயுவைப் பற்றித் தங்கை அன்றிரவு எனக்கு ஒரு முழுப் பாடவேளை வகுப்பு எடுத்தாள்.

வகுப்பு முடிந்து படுக்கப் போனவள், கம்பளிக்குள் காலை நீட்டியதும் அலறி எழுந்தாள். "அக்கா, உள்ளே என்னமோ உயிரோட இருக்கு!" கம்பளியை விலக்கிப் பார்த்தால், கம்பளி நூலில் பின்னிய உறை போட்ட ரப்பர் வெந்நீர்ப் பை. நாங்கள் இரவு உணவுக்குப் போயிருந்த நேரத்தில் யாரோ வந்து கால் வைக்கும் இடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த ஓட்டலில் நான் அனுபவித்த வசதிகளில் எது உயர்ந்தது என்று கேட்டால், யோசிக்காமல் இந்தப் பையைத்தான் சொல்வேன். தொலைக்காட்சியை நாங்கள் போடவே இல்லை. குளியல் தொட்டி பெரியதுதான், ஆனால் அது நிறைவதற்குள் தண்ணீர் ஆறிவிடுகிறது.

மறுநாள் ஸ்பா. ஒரு மணி நேர எண்ணெய்த் தேய்ப்பும் நீராவிக் குளியலும் சேர்த்து ஆளுக்கு 3,500 ரூபாய். எனக்குத் தேய்த்துவிட்ட பெண் கூடலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். கைகளில் அப்படி ஒரு நிதானம். பித்தளைக் கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றி, அதைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி வைத்துச் சூடாக்கிக்கொண்டே இருந்தார். "தேங்காயெண்ணெய் இங்க கல்லு மாதிரி ஆயிடும்மா, அதனால நல்லெண்ணெய்தான்" என்றார். முதுகில் எண்ணெய் பட்டதும் தோள்கள் தாமாகவே இறங்கின. அதுவரை இரண்டு நாளாகக் குளிருக்கு அவற்றைக் காதுவரை தூக்கி வைத்திருந்தேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது. சமவெளியில் எண்ணெய்க் குளியல் சூட்டைத் தணிப்பதற்கு. இங்கே அதே எண்ணெய், சூட்டை உடம்புக்குள் கொண்டுபோவதற்கு.

பிறகு, தலை மட்டும் வெளியே தெரியும்படி ஒரு மரப்பெட்டிக்குள் உட்கார வைத்து, கற்பூர மரத்து இலை போட்ட நீராவியை உள்ளே விட்டார்கள். பக்கத்துப் பெட்டியிலிருந்து தங்கையின் தலை என்னைப் பார்த்துத் திரும்பியது.

"அக்கா, நொச்சி இலை போட்டுப் போர்வையை மூடி அம்மா வேது பிடிச்சு விடுவாளே, அதுதானே இது? அம்மா காசா வாங்கினா?"

உண்மைதான். ஆனால் அம்மாவின் வேது சளி பிடித்தால்தான் கிடைக்கும். பாதியில் வெளியே வந்தால் முதுகில் அடியும் உண்டு. சளியே இல்லாமல், யாரும் அதட்டாமல், வேது பிடித்துவிட்டு இஞ்சித் தேநீரோடு உட்கார்ந்திருப்பதற்குத்தான் நாங்கள் ஆளுக்கு 3,500 கொடுத்தோம். அதில் எனக்கு வருத்தமில்லை.

சாப்பாட்டைப் பற்றி அவ்வளவு நல்ல அபிப்பிராயம் சொல்ல முடியாது. முதல் இரவு 'மல்லிகடானி சூப்' என்று ஒன்று வந்தது. பெயரைச் சற்று நிதானமாக உச்சரித்துப் பாருங்கள்: மிளகுத்தண்ணி. நம் சமையலறையிலிருந்து வெள்ளைக்காரர்கள் எடுத்துப்போன ரசத்தில், அவர்கள் பருப்பும் ஆப்பிளும் பாலேடும் சேர்த்து, மிளகை மட்டும் மறந்து திருப்பித் தந்திருக்கிறார்கள். இரண்டாம் நாள் சொல்லி வைத்து, நீலகிரியின் படகர் இனத்தவர் வீடுகளில் செய்யும் 'அவரை உதக்க'வைக் கேட்டோம். அவரைப் பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட காரமான குழம்பு அது, சுடச்சுட வந்தது, முதல் இரவின் மனக்குறை போயிற்று. பருப்பு பதமாக வெந்திருந்ததைத் தங்கை பாராட்டினாள். அவள் பாராட்டியதற்குக் காரணம் உண்டு: 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்; குக்கர் இல்லாமல் திறந்த பாத்திரத்தில் பருப்பை வேகவைப்பது இங்கே பெரும் பொறுமை வேண்டும் வேலை.

குளிர்மாதங்களில் கொழுந்து மெதுவாக வளர்வதால் தேயிலையின் மணம் கூடும் என்று சொல்லி, 'ஃப்ராஸ்ட் டீ'யைப் பால் சேர்க்காமல் கண்ணாடிக் கோப்பையில் தந்தார்கள். மணம் அருமைதான். ஆனாலும் பேக்கரியில் வாங்கிய வர்க்கியை, தெருமுனைக் கடையின் பால் தேநீரில் தோய்த்து, அது கரைந்து விழுவதற்குள் வாயில் போட்டுக்கொள்ளும் அந்த அவசரத்துக்கு முன்னால் வேறெதுவும் நிற்காது. ஊட்டி வர்க்கிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது; கிடைக்காமல் இருந்திருந்தாலும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன்.

மூன்றாம் நாள் விடியற்காலை உறைபனி பார்க்கத் தலைக்குந்தாவுக்குப் போனோம். வாடகைக் கார் ஓட்டுநர் முன்கண்ணாடியில் படிந்திருந்த பனியைச் சுரண்டித் தள்ளிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். மேகமில்லாத இரவில் தரையின் சூடெல்லாம் வானத்துக்குப் போய்விட, கனத்த குளிர்காற்று சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தேங்கும். அதனால்தான் மேட்டைவிடப் பள்ளத்தில் பனி அதிகம் என்றாள் தங்கை. புல்வெளி முழுக்க வெள்ளை. காலடியில் நொறுங்கும் சத்தம். ஒவ்வொரு புல்லின் விளிம்பிலும் உப்புத் தூவியதுபோல் பனித்துகள். தூரத்து மடிப்பில் மட்டும் ஒரு சோலை கருகருவென்று, குளிருக்குத் தலையைக் குனிந்து ஒண்டியிருந்தது. சோலை மரங்களின் இளங்கன்றுகள் உறைபனியைத் தாங்காததால்தான் சோலை தன் மறைவான மடிப்பைவிட்டுத் திறந்த புல்வெளிக்குள் பரவுவதில்லை என்று சூழலியலாளர்கள் கூறும் காரணங்களில் ஒன்றை நான் படித்திருக்கிறேன். பனியைப் பொருட்படுத்தாமல் புல்வெளி நடுவில் தனியே நிற்கும் மரம் காட்டுப்பூவரசு. அதன் சிவப்புப் பூங்கொத்துகளை, வெள்ளைத் தரைக்கு மேலே, அந்த வெளிச்சத்தில் பார்த்தது இந்தப் பயணத்தில் காசில்லாமல் கிடைத்தது.

சூரியன் மேட்டுக்கு மேலே வந்ததும் பத்து நிமிடத்தில் எல்லாம் ஈரமாகிவிட்டது. திரும்பும் வழியில் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தினோம். விடியும் முன்பே கேரட் பிடுங்கப் போய்விட்டு வந்த பெண்கள் ஐந்தாறு பேர், சாலையோரத்தில் அட்டைப் பெட்டிகளைக் கொளுத்தி அதைச் சுற்றி நின்றிருந்தார்கள். "இப்படி வாங்கம்மா, கையைக் காட்டுங்க" என்று ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். அவருடைய விரல்கள் மண்ணும் வெடிப்புமாக இருந்தன; ஒரு ஸ்பாவிலும் அந்தக் கைக்கு வேலை இருக்காது என்று தோன்றியது, அந்த நினைப்பு எனக்கே கூச்சமாகவும் இருந்தது. தீ அணையும்வரை அவர்களோடு நின்றோம்.

தாவரவியல் பூங்காவுக்குக் கடைசி நாள் போனோம். மே மாதத்தில் மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் தோள்கள் மட்டுமே தெரியும் இடம், இப்போது வெறிச்சோடி இருந்தது. உறைபனியில் கருகாமலிருக்கச் செடிகளைக் கோத்தகிரி மிலார் என்னும் செடியைக் கொண்டு மூடி வைத்திருந்தார்கள். பாத்தி பாத்தியாகப் போர்வை போர்த்திய செடிகள். புல்தரைக்குக் காலையில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிடுகிறார்கள் என்று தோட்டக்காரர் சொன்னார். எங்கோ ஒரு புதரிலிருந்து நீலகிரிச் சிரிப்பான் கெக்கெக்கென்று சிரித்தது. இந்த மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை அது.

ஓட்டல் பில்லில் அறை, ஸ்பா, சூப் எல்லாம் வரிசையாக இருந்தன. இரண்டாம் இரவு வாங்கிய கூடுதல் விறகுக்கு 600 ரூபாயும் இருந்தது. வெந்நீர்ப் பைக்கு ஒன்றும் போடவில்லை. தங்கை பில்லை இரண்டு முறை படித்துவிட்டு, வரவேற்பில் இருந்த பையனிடம் அந்தப் பை எங்கே கிடைக்கும் என்று விசாரித்தாள். கமர்சியல் சாலையில் மூன்று கடை ஏறி இறங்கி, உறையோடு இரண்டு வாங்கினோம். திருச்சி வெயிலுக்கு இதை வைத்து என்ன செய்வாய் என்றதற்கு, முழங்கால் வலிக்கு ஒத்தடம் கொடுக்கலாமே என்றாள். பிப்ரவரி பிறந்ததும் தொலைபேசியில் கேட்டேன். ராத்திரி ஏ.சி.யைப் பதினெட்டில் வைத்து, பையைக் காலடியில் போட்டுக்கொண்டு தூங்குகிறாளாம்.