அத்தையை அளந்தபின் என்னை அளந்தார்கள்

சிங்கப்பூரில் முதியவர் ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்கு இரண்டு மதிப்பீடுகள் உண்டு. படுத்திருப்பவருக்கு ஒன்று, பார்த்துக்கொள்பவருக்கு ஒன்று. முதலாவதன் முடிவில் பணம் வருவதால் அது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நானும் மாமியாருக்காக முதலாவதற்குப் போய், அங்கிருந்து இரண்டாவதற்கு அனுப்பப்பட்டவள்தான்.

அத்தைக்கு வயது 81. பக்கவாதத்தில் வலப்பக்கம் பலம் இழந்தது. பிறகு மறதிநோயும் சேர்ந்துகொண்டது. மாலை மயங்கினால் ‘வீட்டுக்குப் போக வேண்டும்’ என்று கதவைத் தட்டத் தொடங்குவார். அவர் சொல்லும் வீடு செம்பவாங் கடற்படைத் தளத் தொழிலாளர் குடியிருப்பில் இருந்தது. இப்போது நாங்கள் இருப்பது ஈசூனில், நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில். கணவருக்கு ஷிப்ட் வேலை. நான் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். முழுநாள் வேலை அரைநாளாகச் சுருங்கி வெகுகாலமாகிறது.

நாங்கள் போனது 2024இல், இல்லப் பராமரிப்பு மானியத்துக்காக. 2019 அக்டோபரில் மாதம் 200 வெள்ளி என்று தொடங்கிய மானியம் அது. 2023 மார்ச்சிலிருந்து குடும்ப வருமானத்தைப் பொறுத்து 250 அல்லது 400 வெள்ளி என்று ஆகி, நாங்கள் போனபோது அப்படியே இருந்தது. விதி எளியது. உண்பது, குளிப்பது, உடுப்பது, கழிவறைக்குப் போவது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது ஆகிய ஆறில் குறைந்தது மூன்றுக்கு எப்போதும் பிறர் உதவி தேவைப்பட வேண்டும்.

விதி எளியதுதான், அத்தை எளியவர் அல்லர். மதிப்பிட்ட சீனத் தாதி அன்பாக மலாயில் கேட்டார்: தனியாகக் குளிப்பீர்களா? ‘போலே’ என்றார் அத்தை. முடியுமாம். சட்டை போட்டுக்கொள்வீர்களா? ‘போலே.’ சமைப்பீர்களா என்று கேட்டிருந்தால் அன்று மாலைக்கே அந்தத் தாதியை மீன்குழம்புக்கு அழைத்திருப்பார். அந்நியர் முன்னால் நிமிர்ந்து உட்கார்வது அவருடைய தலைமுறையின் பழக்கம். நல்லவேளையாக, தாதி பேச்சை நம்பவில்லை. எழுந்து அந்த நாற்காலிக்கு வாருங்கள் என்றார். அத்தையால் முடியவில்லை. நான் வழக்கம்போல அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். அப்போது என் முகம் எப்படிப் போயிற்று என்று எனக்குத் தெரியாது, தாதி பார்த்துவிட்டார். அத்தையின் படிவத்தை மூடிவிட்டு, ‘உங்களுக்கு முதுகுவலி எத்தனை நாளாக?’ என்று கேட்டார்.

இரண்டாவது மதிப்பீடு அந்தக் கேள்வியில் தொடங்கியது. சில வாரங்களில் மருத்துவ சமூக ஊழியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். தமிழ்ப் பெண், என் மகள் வயது இருக்கும். கணவரும் கூட வருகிறேன் என்றதும், ‘அண்ணன் வரட்டும் அக்கா, ஆனால் முதல் அரைமணி நேரம் வெளியே இருக்கட்டும்’ என்றார். எனக்கு அது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டது. உள்ளே போனபிறகு காரணம் விளங்கிற்று. கணவர் பக்கத்தில் இருந்தால், அவருடைய அம்மாவைப் பற்றி ‘கோபம் வருகிறது’ என்று எந்த மருமகள் சொல்வாள்?

பார்த்துக்கொள்பவரின் பாரத்தை அளக்கும் அந்தக் கேள்வித்தாளின் பெயர் ஸாரிட். அமெரிக்காவில் ஸ்டீவன் ஸாரிட் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் 1980இல் வெளியிட்டது. பரவலாகப் புழங்குவதில் 22 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்றால் 0, ‘கிட்டத்தட்ட எப்போதும்’ என்றால் 4. மொத்தம் 88. அந்தப் பெண் ஆங்கிலத் தாளைப் பார்த்துக்கொண்டே தமிழில் கேட்டார். உங்களுக்கென்று நேரம் இருக்கிறதா, உடம்பு கெட்டிருக்கிறதா, அவர் நடந்துகொள்வதைப் பார்த்துக் கூச்சப்படுகிறீர்களா, வீட்டுக்கு நண்பர்களை அழைக்கத் தயங்குகிறீர்களா, இப்படிப் போகும்.

இவற்றில் சிலவற்றுக்கு நம் பெண்கள் வாய்கூசாமல் பூஜ்யம் போடுவார்கள். அருகில் இருக்கும்போது கோபம் வருகிறதா? இல்லை. வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிடத் தோன்றுகிறதா? சிவ சிவா! ஆனால் கடைசிப் பகுதியில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: இன்னும் அதிகமாகச் செய்ய வேண்டும் என்று தோன்றுகிறதா, இன்னும் நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறதா? அந்த இரண்டுக்கும் யோசிக்காமல் நாலு. நான் அப்படித்தான் சொன்னேன். என் அம்மாவும் சொல்லியிருப்பார், எதிர்வீட்டு மலாய்க்கார அக்காவும் சொல்லியிருப்பார். ‘சரியாகச் செய்கிறேனா’ என்ற இந்தக் கவலை, பாரத்தின் தனியொரு கூறு என்று சிங்கப்பூர் ஆய்வாளர்களே 2014இல் எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். எண்ணை மட்டும் பார்த்தால் களைத்துப்போனவளுக்கும் குற்ற உணர்வில் புழுங்குகிறவளுக்கும் வித்தியாசம் தெரியாது. ஒருத்திக்கு வேண்டியது தூக்கம். மற்றவளுக்கு, நீ செய்வது போதும் என்று சொல்ல ஓர் ஆள்.

அந்தப் பெண் கெட்டிக்காரி. நான் கோபத்துக்குப் பூஜ்யம் சொன்னதும் பேனாவை வைத்துவிட்டு, ‘அக்கா, நேற்று ராத்திரி அத்தை எத்தனை தடவை எழுந்தார்?’ என்றார். சொன்னேன். ‘மூன்றாவது தடவை நீங்கள் என்ன சொன்னீர்கள்?’ அதையும் சொன்னேன்; இங்கே எழுதமாட்டேன். பூஜ்யம் மூன்றாக மாறியது. மொத்தம் 47 வந்தது. 41 முதல் 60 வரை என்றால் நடுத்தரத்திலிருந்து கடுமையான பாரம் என்று வழக்கமாகக் கணக்கிடுகிறார்கள்.

என்னைக் கேட்டால், தாளுக்கு வெளியே கேட்டவைதான் அதிகம் பயன்பட்டன. நாளை காலை நீங்கள் காய்ச்சலில் விழுந்தால் அத்தைக்கு மாத்திரை கொடுப்பது யார்? மாத்திரைப் பட்டியல் வேறு யாருக்காவது தெரியுமா? உங்கள் ரத்த அழுத்தத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? அரைநாள் வேலையால் உங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதியில் எவ்வளவு குறைகிறது? கடைசிக் கேள்விக்கு, கணக்கு எழுதியே பிழைக்கும் என்னிடம் பதில் இல்லை. போட்டுப் பார்க்க மனம் வந்ததே இல்லை.

பிறகுதான் கணவர் உள்ளே வந்தார். 47 என்பதைப் பார்த்து, ‘அவ்வளவா?’ என்றார். அந்தப் பெண் அவருக்குப் பதில் சொல்லாமல் நாத்தனாரின் எண்ணைக் கேட்டு, கூடிப் பேச ஒரு நாள் குறித்தார். இது நான் எதிர்பாராதது. ஜூரோங்கில் இருக்கும் நாத்தனார் தொலைபேசி வழியாகவே கலந்துகொண்டார். எடுத்த எடுப்பில், ‘பணிப்பெண் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே அண்ணி’ என்றார். வைக்கலாம். முதியவர் இருக்கும் வீடு என்றால் பணிப்பெண்ணுக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் மாதத் தீர்வை 300க்குப் பதில் 60 வெள்ளிதான். சம்பளம், சாப்பாடு, அவர் படுக்க அறை எங்கே என்பதெல்லாம் வேறு கணக்கு. நான் சொல்லியிருந்தால் சண்டையாகியிருக்கும். சமூக ஊழியர் என் இரவு நேரக் கணக்கை வாசித்துக் காட்டியபோது மறுமுனையில் எதிர்ப்பேச்சு வரவில்லை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் அத்தை ஜூரோங்கில் என்று முடிவாயிற்று. அந்த முடிவு பாதி நாள் நடக்கிறது, பாதி நாள் பேரனுக்கு டியூஷன் வந்துவிடுகிறது.

மற்ற ஏற்பாடுகள் ஏஐசி என்று எல்லோரும் சொல்லும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் வழியாக நடந்தன. வார நாள்களில் அருகிலுள்ள மூத்தோர் பராமரிப்பு நிலையத்தில் மறதிநோய்க்காரர்களுக்கான பகல்நேரப் பராமரிப்பு. கட்டணத்தில் வருமானத்துக்கு ஏற்ற சலுகை உண்டு. ஊருக்குப் போக வேண்டியிருந்தால் தாதிமை இல்லத்தில் சில வாரங்கள் தங்கவைக்கலாம் என்றும் சொன்னார்கள். அதற்கு முன்கூட்டியே பதிந்து வைத்திருந்தால் அவசரத்தில் அலைய வேண்டியதில்லை. பதிந்துவிட்டேன், இன்னும் பயன்படுத்தவில்லை. பராமரிப்பாளர் பயிற்சி மானியத்தில் தூக்கி மாற்றும் பயிற்சிக்கும் போனேன். அக்குளில் கை கொடுப்பது தூக்குபவரின் முதுகுக்கும் கேடு, பக்கவாதம் வந்தவரின் தோளுக்கும் கேடு என்று அங்கே முதல் பாடத்திலேயே சொல்லிவிட்டார்கள். இடுப்பு வார் ஒன்று வாங்கினோம். விலை சொற்பம்.

குறை என்று சொன்னால், தமிழ் பேசுகிறவர் கிடைத்தது என் அதிர்ஷ்டம். என் தோழிக்கு வேறோர் இடத்தில் மொழிபெயர்த்தது அவளுடைய கொழுந்தன். அவள் மொத்தமே ஒற்றை இலக்க எண் வாங்கி, ‘எந்தச் சிரமமும் இல்லாதவள்’ என்று வீடு திரும்பினாள். அவளுக்குத் தூக்கமாத்திரை எழுதிக் கொடுத்தது பலதுறை மருந்தகம் என்னும் அரசாங்க மருத்துவ நிலையம். தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று நாள் குறிக்கும்போதே கேளுங்கள், கேட்டால் ஏற்பாடு செய்யப் பார்ப்பார்கள். வீட்டு ஆளை மொழிபெயர்க்க விடாதீர்கள்.

முதலாவது மதிப்பீட்டுக்குப் போகிறவர்கள், அதற்கு முந்தைய வாரத்தில் நடந்ததை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம்: எப்போது விழுந்தார், எந்த வேளை ஊட்டினீர்கள், இரவில் எத்தனை தடவை உடை மாற்றினீர்கள். நம் அத்தைகள் எல்லோரும் ‘போலே’ சொல்கிறவர்கள்தான். அந்தத் தாள் இரண்டாவதற்கும் உதவும்.

ஆறு மாதம் கழித்து அந்தப் பெண் என்னிடம் மறுபடியும் அதே 22 கேள்விகளைக் கேட்டார். எண் முப்பதுகளுக்கு இறங்கியிருந்தது. அந்த இரண்டு கேள்விகளுக்கு மட்டும் இன்னமும் நாலுதான். இம்முறை கணவரையும் தனியாக உட்காரவைத்துக் கேட்டார்கள்; அவர் வாங்கிய எண்ணை என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரவில் அத்தையைப் பார்த்துக்கொண்டு எங்களைத் தூங்கவிடும் இரவுநேர ஓய்வுச் சேவைக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். இடம் கிடைத்தால் அழைப்பார்கள்.