ஸமோஷ்ச்: திட்டமிட்டுக் கட்டிய ஊர்

போலந்தின் தென்கிழக்கில் ஸமோஷ்ச் என்றொரு சின்ன ஊர். 1580இல் யான் ஸமோய்ஸ்கி என்ற அமைச்சர், இத்தாலியின் பாதுவாவிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் பெர்னார்தோ மொராந்தோவை வைத்து மொத்த நகரத்தையும் வரைபடம் போட்டே கட்டினார். நடுவில் நூறு மீட்டருக்கு நூறு மீட்டர் சதுக்கம். அதன் ஓரத்தில் ஆர்மீனிய வணிகர்களின் சிவப்பு, பச்சை, மஞ்சள் வீடுகள். யூதர்களையும் கிரேக்கர்களையும்கூட அழைத்துக் குடியமர்த்தினார். எனக்கு இந்த ஊரைப் பிடித்துப்போனதே அதனால்தான். சோஷலிசப் புரட்சியாளர் ரோசா லக்சம்பர்க் 1871இல் இங்கேதான் பிறந்தார்.

அப்புறம் நாஜிக்கள் வந்தார்கள். ஊர் யூதர்களைக் கொன்றார்கள். 1942-43இல் சுற்றுக் கிராமங்களிலிருந்து ஒரு லட்சம் பேருக்கு மேல் விரட்டினார்கள், அதில் சுமார் முப்பதாயிரம் குழந்தைகள். பதினேழாம் நூற்றாண்டு யூத ஆலயம் இன்றும் நிற்கிறது. போலந்து போகிறவர்கள் கிராகோவோடு திரும்பிவிடாமல் இங்கேயும் போங்கள்.