பத்து ஜெயம், பத்து தோல்வி, ஒரு மாமியார்

எங்கள் தெருவில் 2029 என்று சத்தமாகச் சொல்லக் கூடாது. சொன்னால் எதிர்வீட்டுப் பெரியவர் புல் வெட்டும் மெஷினை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொள்வார். அந்த வருட சீசன் முடிந்ததும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணியின் பிட்சர் பால் ஸ்கீன்ஸ், யார் அதிகம் கொடுக்கிறார்களோ அவர்களிடம் போய்ச் சேரலாம். 'சேரலாம்' என்பது என் நாகரிகம். பெரியவர் கணக்கில் ஸ்கீன்ஸ் எப்போதோ போயாகிவிட்டது. நியூயார்க்கில் வீடு பார்த்து, பால் காய்ச்சி, அக்கம்பக்கத்துக்கு இனிப்பும் கொடுத்தாயிற்று.

பேஸ்பால் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. பிட்சர் என்றால் நம் ஊர் பௌலர்தான். ஆனால் ஓடி வர முடியாது, ஒரு மேட்டில் நின்ற இடத்திலிருந்தே எறிய வேண்டும். ஸ்கீன்ஸ் மணிக்கு 100 மைல் வரை எறிவார், அதாவது 160 கிலோமீட்டர். புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2023-இல் முதல் ஆளாக அவரைத்தான் எடுத்தார்கள். 2024 மே மாதம் அறிமுகம், ஜூலையில் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் நேஷனல் லீகின் தொடக்கப் பிட்சர், வருட முடிவில் சிறந்த புதுமுகம் விருது. அந்த வருடம் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக இரண்டு ரன் போலத்தான் கொடுத்தார். இப்படி ஒருவர் வந்தும் அந்த வருடம் அணிக்கு 76 ஜெயம், 86 தோல்வி. காரணம் கேட்டால் பெரியவர் சொல்வார்: "அவன் ரன் கொடுக்க மாட்டான், நம்ம ஆளுங்க ரன் எடுக்க மாட்டாங்க. நல்ல ஜோடிப் பொருத்தம்."

பெரியவர் ஸ்டீல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1979-இல் பைரேட்ஸ் கடைசியாக உலகத் தொடர் என்ற சாம்பியன் கோப்பையை ஜெயித்தபோது அவர் இளைஞர். 1992-இல் அட்லாண்டாவில் கடைசி நொடியில் எல்லாம் கைவிட்டுப் போனதையும் பார்த்தார். அந்த ஆட்டத்தின் கடைசி ரன்னைப் பற்றிக் கேட்டால் பதில் வராது, கதவு சாத்தும் சத்தம்தான் வரும். அதற்கு அடுத்த வருடத்திலிருந்து 2012 வரை தொடர்ந்து இருபது சீசன்கள் ஜெயத்தைவிடத் தோல்வியே அதிகம். 2013 முதல் 2015 வரை மூன்று வருடம் வெளிச்சம். அப்புறம் மறுபடி கரண்ட் போய்விட்டது.

எனக்கும் அவருக்கும் தகராறு ஒரே விஷயத்தில்தான். நான் பிராஸ்பெக்ட் பைத்தியம், அதாவது பெரிய லீகுக்கு வரக் காத்திருக்கும் இளம் ஆட்டக்காரர்கள் மேல் பைத்தியம். அல்டூனாவிலும் இண்டியனாபோலிஸிலும் கீழ்நிலை அணிகளில் எறிந்துகொண்டிருக்கும் பையன்களின் வேகம், வளைவு, வயசு எல்லாம் எனக்கு அத்துப்படி. சொந்த அக்கா பிள்ளையின் பிறந்தநாளை மறந்துவிடுவேன், பப்பா சேண்ட்லர் மூன்றாவது சுற்றில் எடுக்கப்பட்டவர் என்பது மறக்காது. பெரியவரோ, "பிட்சிங் பிராஸ்பெக்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது" என்று பேஸ்பால் ரசிகர்கள் சொல்லும் பழைய வாக்கியத்தை வேதமாக வைத்திருப்பவர். பாதிப் பேருக்குக் கை போய்விடும், மீதிப் பேரை விற்றுவிடுவார்கள் என்பது அதற்கு அவர் தரும் உரை.

அவரிடம் சான்று இல்லாமலும் இல்லை. கெரிட் கோல் 2011 டிராஃப்டின் முதல் தேர்வு. 2018 ஜனவரியில் ஹூஸ்டனுக்குக் கொடுத்தார்கள், அங்கே அடுத்த வருடமே ஒரே சீசனில் 326 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதாவது பந்தை ஆட விடாமலே வெளியேற்றினார். பிறகு நியூயார்க் யாங்கீஸ் அவருக்கு 32.4 கோடி டாலர் கொடுத்தது. அதே 2018 கோடையில் நடந்ததைச் சொல்லும்போது பெரியவருக்குக் குரல் மாறும். கிறிஸ் ஆர்ச்சர் என்ற ஒரே ஒரு பிட்சருக்காக டைலர் கிளாஸ்னோ, ஷேன் பாஸ் என்ற இரண்டு இளம் பிட்சர்களையும், போதாதென்று ஆஸ்டின் மெடோஸ் என்ற பேட்ஸ்மேனையும் டாம்பா பேவுக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். ஆர்ச்சர் இங்கே சோபிக்கவில்லை. கிளாஸ்னோ இப்போது இரண்டு வருடம் தொடர்ந்து கோப்பை வாங்கிய டாட்ஜர்ஸில். குவின் பிரீஸ்டரை 2024-இல் பாஸ்டனுக்கு அனுப்பினார்கள், அவர் அங்கிருந்து மில்வாக்கிக்குப் போய் 2025-இல் 13 ஜெயம், 3 தோல்வி (பேஸ்பாலில் ஜெயம் தோல்வியைப் பிட்சர் பெயரிலும் எழுதுவார்கள்). மில்வாக்கி எங்கள் பிரிவிலேயே இருக்கும் அணி. அதாவது வருடம் முழுக்க எங்கள் கண் முன்னாலேயே ஜெயித்துக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் தெரிந்தும் நம்புகிறேன். சரி, அது ஒரு வியாதி.

இந்தச் சூழலில்தான் 2025 மே மாதம் என் மாமியார் ஊரிலிருந்து வந்து இறங்கினார். அத்தை கிரிக்கெட் பார்ப்பவர் என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். டெஸ்ட் மேட்ச் நடக்கிற ஐந்து நாளும் வீட்டில் ரசம் மட்டும்தான் என்ற ஒழுங்கில் குடும்பம் நடத்தியவர். வந்த புதிதில் பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரா கோவிலுக்குக் கூட்டிப்போனோம், புளியோதரைக்கு நூற்றுக்கு எண்பது போட்டார். அடுத்து என்ன காட்டுவது என்று தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் பைரேட்ஸ் ஆட்டத்தைப் போட்டேன். வழக்கம்போல் பெரியவரும் தன் சிப்ஸ் பாக்கெட்டோடு வந்து உட்கார்ந்தார்.

மே 18, ஃபிலடெல்ஃபியாவில் ஆட்டம். எங்கள் பக்கம் ஸ்கீன்ஸ். எதிர்ப்பக்கம் மிக் ஏபெல், அன்றுதான் பெரிய லீகில் முதல் ஆட்டம். பெரியவர் குஷியாகிவிட்டார். "அறிமுகப் பையன். ஒரு பிராஸ்பெக்ட். அடி நொறுக்கிடுவாங்க பாரு." அத்தை காபியை உறிஞ்சிக்கொண்டே கொஞ்ச நேரம் பார்த்தார். "மாப்பிள்ளை, இந்தப் புதுப் பையன் தோள் நல்லா சுத்துது. நம்ம ஆளுங்களுக்கு இன்னைக்குக் கஷ்டம்தான்." நான் பெரியவருக்கு இதை மொழிபெயர்த்தபோது கடைசி வரியை விட்டுவிட்டேன்.

ஏபெல் ஆறு இன்னிங்ஸ் எறிந்தார். ஒன்பது ஸ்ட்ரைக் அவுட், ஒரு ரன்கூடக் கிடையாது. எங்கள் பக்கம் ஸ்கீன்ஸ் எட்டு இன்னிங்ஸும் தானே எறிந்து முடித்தார், கொடுத்தது ஒரே ஒரு ரன். சொந்த ஊர்க்காரர்கள் முன்னிலையில் இருந்தால் ஒன்பதாவது இன்னிங்ஸில் அவர்கள் பேட் செய்யத் தேவையில்லை, அதனால் எட்டே முழு ஆட்டக் கணக்கு. அவருடைய வாழ்க்கையிலேயே முதல் முழு ஆட்டம். முடிவு 1-0, தோல்வி.

அறையில் சத்தமே இல்லை. அத்தைதான் முதலில் பேசினார். "இது நம்ம சேப்பாக்கம் கதை மாப்பிள்ளை." 1999 ஜனவரி, பாகிஸ்தானுக்கு எதிராக டெண்டுல்கர் 136 அடித்தும் இந்தியா 12 ரன்னில் தோற்ற டெஸ்ட். அன்று சமையலறையில் ரசமும் வைக்கவில்லையாம். அதைப் பெரியவரிடம் விளக்கினேன். டெண்டுல்கரின் முதுகுவலி, கடைசி நேரத்தில் வரிசையாக விழுந்த விக்கெட்டுகள், எல்லாம். கிரிக்கெட் பற்றி ஒரு அட்சரமும் தெரியாத அந்த மனிதர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். அப்புறம் தன் சிப்ஸ் பாக்கெட்டை அத்தை பக்கம் நகர்த்தினார். பத்து வருடமாக எதிரெதிரே குடியிருக்கிறோம், எனக்கு ஒரு சிப்ஸ் நீட்டியதில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் நான் வெறும் மொழிபெயர்ப்பாளன்.

அத்தையின் அணி ஆலோசனை நேரடியானது. "இவ்வளவு பௌலர் வச்சிருக்கீங்க. ரெண்டு பேரைக் கொடுத்து ஒரு நல்ல பேட்ஸ்மேன் வாங்க வேண்டியதுதானே?" என் கட்சியும் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் எந்த இரண்டு பேர் என்று வரும்போது எனக்குக் கை நடுங்கும். சேண்ட்லரைத் தொடக் கூடாது. அமெரிக்கன் ஃபுட்பாலில் கிளெம்சன் பல்கலைக்கழகத்துக்குக் குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவராகப் போக ஒப்புக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டு எங்களிடம் வந்தார். அந்தக் கையை விற்கலாமா? இன்னொரு இளம் பிட்சர் ஜாரெட் ஜோன்ஸை விற்க முடியாது, அந்த மே மாதம்தான் அவருக்கு முழங்கை ஆபரேஷன். பெரியவர் இந்த யோசனையே ஆபத்து என்றார்: இவர்கள் விற்கப் போனால் மறுபடி ஒரு ஆர்ச்சரைத்தான் வாங்கி வருவார்கள். அதற்கு அத்தையின் பதில்: "கன்னுக்குட்டியை வளர்த்து, கறவைக்கு வந்ததும் சந்தைக்கு ஓட்டுற வீடு. இவங்ககிட்ட நல்ல விலை தெரிஞ்ச ஆளே இல்லையா?" பெரியவர் இதைத் திரும்பச் சொல்லச் சொல்லி ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார்.

அத்தைக்கு உற்சாகம் ஏற்றலாம் என்று நம் நாட்டுத் தொடர்பையும் சொன்னேன். 2008-இல் இதே பைரேட்ஸ், உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஈட்டி எறியும் பையன்கள் இரண்டு பேரை ஒப்பந்தம் செய்தது, ரிங்கு சிங், தினேஷ் படேல். இந்தியாவில் நடந்த வேகமாக எறியும் போட்டி ஒன்றில் தேறியவர்கள், அதற்கு முன் பேஸ்பாலைக் கண்ணால் பார்த்ததில்லை. அத்தை கண் விரிந்தது. "அவங்க இப்போ எங்க?" தினேஷ் ஊருக்குத் திரும்பிவிட்டார், ரிங்கு தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய் டிவியில் ஆட்களைத் தூக்கி அடித்தார் என்றேன். அத்தை ஒரு நிமிடம் யோசித்து, "அவனை பேட்டிங்குக்கு விட்டிருக்கலாம்" என்றார்.

அணியின் வாய்ப்பு பற்றி ஊரே என்ன நினைக்கிறது என்பதற்கு என்னிடம் ஒரு கதை உண்டு. ஸ்கீன்ஸ் அறிமுக ஆட்டத்தில் அணிந்த சட்டையின் ஒட்டுத்துணி பதித்த, உலகத்திலேயே ஒரே ஒரு பேஸ்பால் கார்டு (ரசிகர்கள் சேகரிக்கும் பட அட்டை), லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் 11 வயதுப் பையன் ஒருவனுக்குக் கிறிஸ்துமஸ் பாக்கெட்டில் கிடைத்தது. கார்டைக் கொடுத்தால் 30 வருடத்துக்கு சீசன் டிக்கெட், அதுவும் ஹோம் பிளேட்டுக்கு, அதாவது பேட்ஸ்மேன் நிற்கும் இடத்துக்குப் பின்னால், என்று பைரேட்ஸ் முன்பே அறிவித்திருந்தது. அந்தக் குடும்பம் கும்பிடு போட்டுவிட்டுக் கார்டை ஏலத்துக்கு விட்டது. 11.1 லட்சம் டாலர். முப்பது வருடம் பைரேட்ஸ் பார்க்க வேண்டும் என்பதைப் பரிசா தண்டனையா என்று பையனே எடை போட்டிருப்பான் என்பது பெரியவரின் துணிபு. உள்ளூரில் நிலைமை இன்னும் மோசம்: 2025-இல் சொந்த மைதானத்தின் முதல் ஆட்டத்தன்று, முதலாளி பாப் நட்டிங் அணியை விற்க வேண்டும் என்று பேனர் கட்டி விமானமே விட்டார்கள்.

ஜூலை கடைசியில் ஃபிலடெல்ஃபியா அந்த மிக் ஏபெலை மினசோட்டாவுக்குக் கொடுத்து யோன் டுரான் என்ற ரிலீவரை, அதாவது ஆட்டத்தின் நடுவில் வந்து எறியும் பிட்சரை, வாங்கியது. அத்தை அன்று சாப்பாட்டு மேசையில் ஃபிலடெல்ஃபியாக்காரர்களைத் திட்டிய திட்டை நான் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை மைதானத்துக்கே போனோம். ஆட்ட நாளில் கிளெமென்டே பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், ஆற்றின் மேல் நடந்தே போகலாம். மஞ்சள் பாலமும் எதிரே நகரமும் சேர்ந்து பைரேட்ஸ் மைதானமான பிஎன்சி பார்க்கிலிருந்து தெரிகிற காட்சி அமெரிக்காவிலேயே அழகான பேஸ்பால் காட்சி என்பேன், இதில் மட்டும் பெரியவர் என் கட்சி. அத்தைக்குப் பிடித்தது அதுவும் இல்லை, பியரோகி ஓட்டம். பியரோகி என்றால் உருளைக்கிழங்கு வைத்த போலந்துக் கொழுக்கட்டை. ஆட்டத்துக்கு நடுவில் மனிதர்கள் கொழுக்கட்டை வேஷம் போட்டு ஓடுவார்கள். அத்தை ஜலபீனோ ஹன்னா என்ற பச்சை மிளகாய்க் கொழுக்கட்டைக்கு எழுந்து நின்று கை தட்டினார். "மாப்பிள்ளை, உங்க டீம்லயே இவதான் நல்லா ஓடுறா."

அன்றைக்குத்தான் சேண்ட்லரின் அறிமுகம். எவ்வளவு நாள் இண்டியனாபோலிஸில் ஊறப்போட்டார்கள் என்று நாங்கள் புலம்பிக்கொண்டிருந்த அதே சேண்ட்லர். எதிரே கொலராடோ. பைரேட்ஸ் அபூர்வமாக ரன்னாகக் குவித்த நாள். கடைசி நான்கு இன்னிங்ஸை சேண்ட்லர் ரன்னே கொடுக்காமல் எறிந்து முடித்தார். ஸ்கோர்போர்டில் அவர் பெயருக்கு 'சேவ்', அதாவது ஜெயத்தைக் காப்பாற்றிய கணக்கு, விழுந்தது. கடைசி மூன்று இன்னிங்ஸாவது நன்றாக எறிந்து முடித்தால் வித்தியாசம் எவ்வளவு இருந்தாலும் அது சேவ்தான். நான் தொண்டை கிழியக் கத்தினேன். அத்தை பெரியவரைப் பார்த்து, பெரியவர் அத்தையைப் பார்த்து, இருவரும் என்னைப் பார்த்தார்கள். "ஏற்கெனவே ஜெயிச்ச மேட்ச்சில் எதைக் காப்பாத்தினான் மாப்பிள்ளை?"

சீசன் 71 ஜெயம், 91 தோல்வியில் முடிந்தது. எல்லா அணிகளிலும் குறைந்த ரன், குறைந்த ஹோம் ரன் (நம் ஊர் சிக்ஸர் மாதிரி), இரண்டும் எங்களுடையதே. ஸ்கீன்ஸ் கணக்கு 10 ஜெயம், 10 தோல்வி. நவம்பரில் நேஷனல் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது ஏகமனதாக அவருக்குப் போனபோது அத்தை ஊர் திரும்பியிருந்தார். வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுச் சொன்னேன். "பத்துக்குப் பத்துக்கே முதல் பரிசா? அப்போ அந்தப் பையன் எவ்வளவு நல்லா போட்டிருக்கணும்!"

பேசிக்கொண்டிருக்கும்போதே பெரியவர் உள்ளே வந்தார், கையில் ஐபேட். யாரையும் நம்பாத அந்த மனிதர் ஹன்டர் பார்கோவின் வீடியோவை வைத்துக்கொண்டு நின்றார். இடது கை, செப்டம்பரில் அறிமுகமானவர். "உன் மாமியாரிடம் காட்டு. தோள் எப்படி என்று கேள்." காட்டினேன். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். இவனுக்கு எடுக்கும்போதே முழங்கை ஆபரேஷன் ஆகியிருந்தது என்பதையும் சொன்னேன்.

"ஏற்கெனவே ரிப்பேர் பண்ணியாச்சா? அப்போ பயமில்லை. இனிமே போகாது."

மொழிபெயர்த்தேன். பெரியவர் முகத்தில், எனக்குத் தெரிந்து முதல்முறையாக, ஒரு பிராஸ்பெக்டைப் பற்றிச் சிரிப்பு வந்தது. 2010-இல் பைரேட்ஸ் எடுத்த பிட்சர் ஜேம்சன் டையோனுக்கு அதே ஆபரேஷன் இரண்டாவது தடவையும் நடந்தது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவருமே அந்தப் பெயரை எடுக்கவில்லை. அத்தை அதற்குள் அடுத்த வீடியோவைப் போடச் சொல்லிவிட்டார்.