காஸ் போட்டால் சரியாகிவிடும் என்றார்கள்

“காஸ் போட்டா சரியாயிரும்க்கா.” மதுரை ஐயர் பங்களா பக்கம் நாங்கள் வாங்க இருந்த வீட்டின் மாடியறையில் நின்றுகொண்டு, குளிராத ஏசியைக் காட்டிப் புரோக்கர் சொன்னது இது. அதை நம்பியதில் 2,800 ரூபாயும் மூன்று வாரமும் போய்விட்டன. பத்திரப் பதிவுக்கு முன்பே விழித்துக்கொண்டதால் சுவரை உடைக்கிற செலவு முழுக்க எங்கள் தலையில் விழாமல் தப்பித்தோம். பழைய வீடு தேடிக்கொண்டிருப்பவர்கள் யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. வீடு 2013-இல் கட்டியது. கீழே ஒரு படுக்கையறை, மாடியில் இரண்டு. மூன்றிலும் ஸ்பிளிட் ஏசி. “மூணு ஏசி, கபோர்டு, மோட்டார் எல்லாம் சேர்த்துத்தான் இந்த விலை” என்றுதான் பேச்சே தொடங்கியது. விற்பவர் ஓய்வு பெற்றவர், எழுபது வயதிருக்கும். அவரும் அவர் வீட்டம்மாவும் மட்டும்தான் வீட்டில். பிள்ளைகள் வெளியூரில்.

முதலில் நாங்கள் பார்க்கப் போனது மார்கழியில், சாயங்காலம் ஆறரை மணிக்கு. போகும்போதே மூன்று ஏசியும் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு அறையிலும் ஒரு நிமிஷம் நின்றோம், நல்ல குளிர்ச்சி. மார்கழியில் அந்த நேரத்துக்கு ஜன்னலைத் திறந்தாலே அந்தக் குளிர்ச்சி வரும். அதனால் முதல் எச்சரிக்கை இது: ஏசியைப் பார்ப்பதற்கென்றே ஒருமுறை மத்தியானம் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவே போங்கள், முடிந்தால் பங்குனி, சித்திரையில். ‘நாங்க வர்ற வரைக்கும் ஏசி போடாதீங்க’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் அவுட்டோர் யூனிட்டைத் தொட்டுப் பாருங்கள். வெயில் படாத இடத்தில் இருந்தும் சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஓட விட்டிருக்கலாம் என்று அர்த்தம்.

இதையெல்லாம் நாங்கள் செய்யவில்லை. இரண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டோம். வங்கிக் கடன் வர வேண்டியிருந்ததால் நான்கு மாதம் தவணை.

ஏப்ரலில் ஒருநாள் ஜன்னல் திரைக்கு அளவெடுக்க நானும் என் வீட்டுக்காரரும் மத்தியானம் போனோம். மாடியில் மேற்குப் பக்க அறை அனலாக இருந்தது. ஏசியைப் போட்டு 16 வைத்தோம். முதல் பத்து நிமிஷம் ஏதோ குளிர்ந்த மாதிரி இருந்தது. இருபது நிமிஷத்தில் வெறும் காற்றுதான். மொட்டை மாடியில் இருக்கும் அவுட்டோரைப் போய்ப் பார்த்தோம். அதில் வந்து சேரும் இரண்டு செம்புக் குழாய்களில் ஒல்லியானதில் வெள்ளை வெளேரென்று பனி பிடித்திருந்தது. தடித்த குழாய் வெதுவெதுப்பாக இருந்தது. இது தலைகீழ் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். நன்றாக ஓடும் ஏசியில் தடித்த குழாய் சில்லென்று வியர்த்திருக்க வேண்டும். ஒல்லிக் குழாயில் மட்டும் பனி கட்டினால் காஸ் குறைவு என்பதற்கு அது பெரிய அடையாளம். இதைப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம், மாடி ஏறத் தயாராக இருந்தால் போதும்.

புரோக்கர் அன்றைக்கே ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தார். வந்தவர் காஸ் அழுத்தம் பார்க்கிற கேஜைப் போட்டார், சிலிண்டரைத் திறந்தார், காஸ் ஏற்றினார், இருபது நிமிஷத்தில் 2,800 ரூபாய் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். காஸ் ஏன் குறைந்தது என்று நான் கேட்டதற்கு, “ஓட ஓடக் குறையும்மா, ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா போட்டுக்கணும்” என்றார். எவ்வளவு தைரியமாகச் சொன்னார்! அறையும் குளிர்ந்துவிட்டது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தோம்.

பதினெட்டு நாள் கழித்துப் போனபோது அதே வெதுவெதுப்பு, அதே பனி.

இந்தமுறை எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் பார்க்கிற மெக்கானிக் தம்பியிடம் சொன்னேன். நான் முடிப்பதற்குள் அவன் குறுக்கிட்டான். “அக்கா, காஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்றதுக்கு? உள்ளுக்குள்ளயே சுத்திச் சுத்தி வர்றது. குறைஞ்சிருக்குன்னா எங்கயோ ஓட்டை இருக்கு. ஓட்டை எங்கன்னு பாக்காம காஸ் போட்டது காசைக் கரியாக்குன கதைதான்.”

அந்த ஓட்டை எங்கே இருக்கிறது என்பதில்தான் வீடு வாங்குகிறவர்களுக்கு விஷயமே இருக்கிறது. அவுட்டோரில் இருந்தால் அந்த ஏசியோடு போயிற்று. உள்ளே மாட்டியிருக்கும் யூனிட்டின் காயிலில், அதாவது காற்றைக் குளிர வைக்கிற குழாய்ச் சுருளில், இருந்தாலும் அப்படியே, காயிலை மாற்றலாம் அல்லது ஏசியையே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இப்போது அழகுக்காகக் குழாயைச் சுவருக்குள் புதைத்துப் பூசிவிடுகிறார்கள். ஓட்டை அங்கே இருந்தால் அது வீட்டின் கோளாறு. புது ஏசி வாங்கி மாட்டினாலும் அதே குழாயில்தான் இணைத்தாக வேண்டும், மறுபடியும் காஸ் போகும்.

தம்பியோடு முதலில் கிளம்பிய நாள் வீணாகப் போனது. சித்திரைத் திருவிழா சமயம், அன்றைக்குக் கள்ளழகரை ஊரே எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை. வில்லாபுரத்திலிருந்து வண்டியில் கிளம்பியவர்கள் தல்லாகுளத்தைத் தாண்ட முடியவில்லை. மூன்றுமாவடிப் பக்கமாவது சுற்றிப் போகலாம் என்றால் அழகரே அந்த வழியாகத்தான் வருகிறார். சாமியைக் கண்ணாரப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். தம்பிக்கு அரை நாள் கூலி கொடுத்தேன். பிறகு ஒரு வாரம் அவன் கிடைக்கவில்லை. கோடையில் ஏசி மெக்கானிக்கைப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தவணை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

அடுத்தமுறை போனபோது விற்கிற ஐயா ஏசியைக் கழற்ற விடவில்லை. “எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு வீடு வேணாம்னு போயிட்டீங்கன்னா நான் என்னம்மா செய்ய?” என்றார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. செலவு எங்களுடையது, பழையபடி மாட்டித் தருவது எங்கள் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகே சம்மதித்தார்.

தம்பி முதலில் ஓட விட்டே பார்த்தான். ஆர்22 காஸ் ஓடும் ஏசியில் கேஜ் முள், அழுத்தத்தை அளக்கிற பி.எஸ்.ஐ. கணக்கில், 60, 70-ஐ ஒட்டி நிற்க வேண்டுமாம். இது 40-க்கும் கீழே நின்றது. ஏசி எவ்வளவு கரன்ட் இழுக்கிறது என்று பார்க்கிற கிளாம்ப் மீட்டரில் 5 ஆம்பியர்தான் காட்டியது. இந்த மாதிரிப் பழைய ஒன்றரை டன் ஏசி நல்ல நிலையில் 7, 8 ஆம்பியர் இழுக்குமாம். கம்ப்ரசர் நன்றாக இருக்கிறது, தள்ளுவதற்குத்தான் காஸ் இல்லை என்றான். அதன்பிறகு இருக்கிற காஸை அவுட்டோருக்குள் இழுத்து அடைத்தான். இரண்டு முனையிலும் நட்டைக் கழற்றி இன்டோர் காயிலையும் சுவர்க் குழாயையும் தனித்தனியாகப் பிரித்து, இரண்டிலும் நைட்ரஜன் ஏற்றி 250 பி.எஸ்.ஐ.யில் நிறுத்திவிட்டு, எதில் முள் இறங்குகிறதோ அதில்தான் ஓட்டை என்று சொல்லி, “நாளைக்குக் காலைல வருவோம்க்கா” என்றான்.

அந்த ராத்திரி தூக்கமில்லை. காயிலாக இருந்துவிட வேண்டும் என்று மீனாட்சியை வேண்டிக்கொண்டே படுத்திருந்தேன்.

காலையில் காயில் பக்கத்துக் கேஜில் முள் அசையாமல் 250-லேயே இருந்தது. குழாய்ப் பக்கம் 190.

வெளியே தெரிகிற இடமெல்லாம் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தான். எங்கேயும் குமிழி வரவில்லை. அப்போதுதான் என் கண்ணில் அந்தக் காலண்டர் பட்டது. நகைக்கடை கொடுக்கிற பெரிய தினசரிக் காலண்டர், கபோர்டுக்குப் பக்கத்துச் சுவரில் முழங்கால் உயரத்தில் ஆணியடித்து மாட்டியிருந்தது. தேதி கிழிக்க யாரும் அவ்வளவு கீழே மாட்ட மாட்டார்கள். தூக்கிப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் உப்பி நின்றது, விரலால் தொட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே பூச்சு ஈரமாக இருந்தது. தம்பி ஸ்குரூ டிரைவரால் லேசாகச் சுரண்டிவிட்டு, “குழாய்க்கு மேல சுத்தற ஃபோம் இந்த இடத்துல இல்லக்கா. குழாய் வேர்த்து வேர்த்துச் சுவர் ஊறியிருக்கு. ஜாயின்ட்டும் இங்கதான் இருக்கணும்” என்றான். இன்டோர் யூனிட்டில் தண்ணீர் சேருகிற தட்டில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினான். உடனே வெளிச்சுவர்க் குழாய் வழியாகக் கொட்ட வேண்டிய தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. சுவருக்குள் போகும் அந்த வடிகுழாய்க்குச் சரியான வாட்டம் கொடுக்காமல் விட்டிருந்தார்கள்.

இந்த ஒரு செம்புத் தண்ணீர்ச் சோதனையை நீங்கள் அவசியம் செய்து பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை. ஏசிக்குக் கீழேயும் பக்கத்திலும் சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். ஒரு இடத்தில் மட்டும் பெயின்ட் புதிதாக இருந்தால், அல்லது படமோ பீரோவோ இருக்கக் கூடாத இடத்தில் இருந்தால், நகர்த்திப் பார்க்காமல் வராதீர்கள்.

புரோக்கர் அப்போதும் விடவில்லை. “பழைய ஏசிதானேக்கா, புதுசு மாட்டிக்கங்க” என்றார். புதிதாக வருபவை பெரும்பாலும் ஆர்32 காஸ் ஏசிகள், ஆர்22-ஐ விட ஒன்றரை மடங்குக்கு மேல் அழுத்தத்தில் ஓடுபவை. 250-ஐயே ஒரு ராத்திரி தாங்காத குழாயில் அதை எப்படி மாட்டுவது? ஆர்22 ஓசோன் படலத்தைக் கெடுக்கிற காஸ் என்பதால் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி உலகம் முழுக்கக் கைவிட்டு வருகிறார்கள். அதனால் ‘ஏசி உட்பட’ என்று விலை சொன்னால் அவுட்டோரில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படித்துப் பாருங்கள். என்ன காஸ், எந்த வருஷம் என்று அதில் இருக்கும். நட்சத்திர ஸ்டிக்கரிலும் வருஷம் போட்டிருக்கும். பத்து வருஷத்துக்கு முந்தைய ஐந்து நட்சத்திரம் இன்றைய ஐந்து நட்சத்திரம் ஆகாது, தரவரிசையை நடுநடுவே கடுமையாக்கியிருக்கிறார்கள்.

ஐயாவிடம் பேசப் போகும்முன் என் வீட்டுக்காரர் ஒரு வேலை செய்தார். இ.பி. கணக்குக்காக அவர்கள் கொடுத்திருந்த பழைய ரசீதுகளை எடுத்தார். போன வருஷ ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்கு 310 யூனிட். பழைய ஒன்றரை டன் ஏசி ஒன்று ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் சுமார் 10 யூனிட் ஆகும், இரண்டு மாதத்துக்கு அது மட்டுமே 600. மூன்று ஏசியும் நல்லபடி ஓடுகிற வீட்டில் அக்னி நட்சத்திரத்தின்போது 310 எப்படி வரும்? விற்பவரிடம் கோடைகால ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

ரசீதை முன்னால் வைத்ததும் ஐயா முதலில் கோபப்பட்டார். “ஒரு ஏசிய வச்சு வீட்டையே குறை சொல்றீங்களா?” என்றார். நாங்கள் பதில் பேசாமல் கேஜ் படத்தையும் சுவர்ப் படத்தையும் போனில் காட்டினோம். அம்மாதான் உள்ளேயிருந்து வந்து, “சொல்லிருங்க, அந்தப் பிள்ளைக நல்லாத்தானே கேக்குறாங்க” என்றார். அதற்குப் பிறகு ஐயா இறங்கி வந்தார். நாலு வருஷமாக ஒவ்வொரு கோடைக்கும் காஸ் போட்டுப் பார்த்து அலுத்துப்போய், மாடி அறைகளைப் பயன்படுத்துவதையே விட்டுவிட்டார்களாம். கீழ் அறையிலும் ராத்திரி ஒரு மணி நேரம் போட்டு நிறுத்திவிடுவார்களாம். அவரையும் ஒவ்வொரு மெக்கானிக்கும் ‘ஓட ஓடக் குறையும்’ என்றே அனுப்பியிருக்கிறார்கள். அவர் மேல் இருந்த கோபம் எனக்கு அங்கேயே போய்விட்டது.

ஆனாலும் அக்ரிமென்டில் ‘உள்ளது உள்ளபடி’ என்று ஒரு வரி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு புரோக்கர் ஒரு ரூபாய்கூடக் குறைக்க முடியாது என்றார். சுவரை வெட்டிப் பூச, கபோர்டைக் கழற்றி மாட்ட, வெளிச்சுவர் வழியாகப் புதுக் குழாய் இழுக்க, பெயின்ட் அடிக்க என்று 80,000 கேட்டோம். மூன்று நாள் பேச்சுக்குப் பிறகு 55,000-க்கு ஐயாவே ஒப்புக்கொண்டார், கடைசித் தவணையில் கழித்துக்கொண்டோம். நீங்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இந்தச் சோதனைகளை முடித்துவிட்டால் இவ்வளவு இழுபறி இருக்காது. முடியவில்லையென்றால் ‘ஏசிகள் பதிவுக்கு முன் சோதித்து, ஓடும் நிலையில் ஒப்படைக்கப்படும்’ என்று அக்ரிமென்டில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றின் சீரியல் நம்பரையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நல்லதைக் கழற்றிப் பழையதை மாட்டிவிட்டுப் போன கதையை எங்கள் தெருவிலேயே கேட்டிருக்கிறேன்.

மற்ற இரண்டு அறைகளிலும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தோம். உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் ஒன்றில் 11 டிகிரி வித்தியாசம், இன்னொன்றில் 9. எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் இருந்தால் போதுமாம்.

பதிவு முடிந்த மறுவாரம் தம்பி காலண்டர் இருந்த இடத்தை உடைத்தான். நான் பக்கத்திலேயே நின்றேன். ஒன்றரை இஞ்ச் ஆழத்தில் பற்றவைத்த ஜாயின்ட் ஒன்று இருந்தது, சுற்றிலும் பச்சைப் பாசி மாதிரிக் களிம்பு, அதற்குக் கீழே எண்ணெய்க் கறை. புதுக் குழாயை வெளிச்சுவர் வழியாக இழுத்து, பழையதை இரண்டு முனையிலும் அடைத்துவிட்டோம். சுவர் காய்வதற்கு ஒரு மாதமாவது விடச் சொல்லியிருக்கிறான், பெயின்ட் அதன்பிறகுதான்.