விளையாடாத கேம்கள்: போலிப் பூஜ்யங்களைச் சலித்தெடுத்த அனுபவம்

வாங்கிவிட்டு ஆடாமல் குவித்து வைத்திருக்கும் கேம்களின் பட்டியல், அதாவது பேக்லாக், ஒருவழியாகக் கைக்கு அடங்கிவிட்டது. கணினி கேம் விற்கும் இணையக் கடைகளில் ஸ்டீமும் எபிக்கும் முடிந்தன, ஜிஓஜி பாக்கி. நானூறுக்கும் மேற்பட்ட கேம்களில் பாதிக்கு மேல் விளையாடாதவை என்று ஸ்டீம் காட்டிக்கொண்டிருந்தது. சலித்துப் பார்த்தால் அதில் ஏறத்தாழ பாதி போலிப் பூஜ்யம், அதாவது பூஜ்ய மணி நேரம் என்று காட்டினாலும் உண்மையில் பேக்லாக்கில் சேராதவை. உண்மையிலேயே தொடாமல் கிடப்பவை எவை என்று இப்போது பெயர் சொல்லிச் சொல்ல முடிகிறது. அந்த மகிழ்ச்சியில்தான் எழுதுகிறேன்.

எல்லாக் கடைகளின் கேம்களையும் ஒரே பட்டியலில் காட்டும் பிளேநைட் மென்பொருளை நிறுவுவது, கணக்குகளை இணைப்பது எல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரே ஒரு செட்டிங்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். விளையாடிய நேரத்தை இறக்குமதி செய்வதை 'எப்போதும்' என்று வைத்தால், நாம் கையால் திருத்திய நேரமெல்லாம் அடுத்த அப்டேட்டில் போய்விடும், ஸ்டீம் காட்டும் நேரமே திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். 'புதிதாகச் சேர்பவற்றுக்கு மட்டும்' என்று மாற்றிவிட்டுத்தான் திருத்தத்தைத் தொடங்க வேண்டும்.

சரி, பூஜ்யத்துக்கு வருவோம். ஒரு கேமுக்கு நேராகப் பூஜ்ய மணி நேரம் என்று இருந்தால் அது விளையாடாத கேம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முதலில், ஸ்டீம் விளையாடும் நேரத்தைப் பதிய ஆரம்பித்ததே 2009இல்தான். அதற்கு முன் ஆடியது எதுவும் கணக்கில் வராது. அப்புறம், வேறு இடத்தில் முடித்தவை. வைஸ் சிட்டியும் மேக்ஸ் பெயினும் பிரவுசிங் சென்டரிலும் பர்மா பஜார் சிடியிலும் ஆடி முடித்தவை. சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு காசு கொடுத்து வாங்கினேன், மறுபடி ஆட அல்ல. உழைத்தவர்களுக்குப் போகவேண்டிய பணம் போய்ச் சேரட்டும் என்றுதான். இவற்றைப் பேக்லாக்கில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பிளேநைட்டில் நிறைவு நிலைகளை நாமே சேர்த்துக்கொள்ளலாம் என்பதால் 'வேறு இடத்தில் முடித்தது' என்று ஒன்றை உருவாக்கி அதில் போட்டுவிட்டேன்.

அடுத்தது இரட்டைப் பதிவுகள். 2016இல் பயோஷாக்கின் ரீமாஸ்டர் (மெருகேற்றிய மறுவெளியீடு) வந்தபோது பழையதை வைத்திருந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனும் அதே ஆண்டு, எல்லா டிஎல்சியும் (தனியாக விற்கும் கூடுதல் பகுதிகள்) வைத்திருந்த பிசி ஆட்களுக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது. பழையதில் நூறு மணி நேரம் ஆடியிருப்போம், புதியது பூஜ்யத்தில் நிற்கும். 2009இன் மாடர்ன் வார்ஃபேர் 2க்கு மல்ட்டிபிளேயர் தனிப் பதிவு. கதையை முடித்திருந்தாலும் அது பூஜ்யம்தான். 2024 நவம்பரில் ஹாஃப்-லைஃப் 2இன் இருபதாம் ஆண்டை ஒட்டி, அதை உருவாக்கிய வால்வ் நிறுவனம் அதன் இரண்டு எபிசோடுகளையும் லாஸ்ட் கோஸ்ட்டையும் மூல கேமுக்குள்ளேயே சேர்த்துவிட்டது. எல்லா நிறுவனங்களும் இதைச் செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

பண்டில் கேம்கள் தனிக் கூட்டம். பல கேம்களைக் கட்டாகச் சேர்த்து விற்கும் ஹம்பிள் பண்டில் 2010இல் தொடங்கியதிலிருந்து இதே கதைதான். ஒரு கேமுக்காக வாங்குவோம், மற்றவை கூடவே வரும். கல்யாணத்தில் வந்து பரணில் ஏறிய எவர்சில்வர் பாத்திரங்களைப் போல அவற்றுக்கும் லைப்ரரியில் இடம் உண்டு, பயன் இல்லை. இவற்றைப் படமும் டிரெய்லரும் பார்த்து ஒவ்வொன்றாக முடிவு செய்தேன். ஆட வேண்டும் என்று தோன்றியவை மட்டும் உள்ளே, மற்றவை ஹைட். ஸ்டீம் சப்போர்ட் மூலம் கணக்கிலிருந்தே நிரந்தரமாக நீக்கலாம், ஆனால் அந்த அளவுக்குப் போக எனக்கு மனம் வரவில்லை.

எபிக் 2018 டிசம்பரில் திறந்ததிலிருந்து இலவசங்களைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. 2020 மே மாதம் ஜிடிஏ 5 கொடுத்தபோது கூட்டம் தாங்காமல் தளமே படுத்தது நினைவிருக்கும். அவற்றுக்கு நம் காசு போகவில்லை, அதனால் அவை தனி ஃபில்டரில். வாங்கியதையும் வாங்காததையும் ஒரே குவியலாகப் பார்ப்பதால்தான் பாதிப் பேர் மலைத்துப்போகிறார்கள் என்பது என் கருத்து.

இதற்கு நேர் எதிரான பொய்யும் உண்டு, ஆடாமலே நேரம் ஏறியவை. 2013இல் ஸ்டீமில் ட்ரேடிங் கார்டு (கேம் ஓடும்போது கிடைக்கும், விற்கக்கூடிய டிஜிட்டல் அட்டை) வந்ததும், கார்டு விழுவதற்காக கேமைத் திறந்தே வைத்திருந்தவர்கள் ஏராளம். அதற்கென்றே மென்பொருள்கள் இருந்தன. அப்படி ஏறிய நேரத்தைக் கண்டுபிடிக்க நான் வைத்த சோதனை இது: நேரம் இருக்கிறது, அச்சீவ்மென்ட் (கேமில் ஒன்றைச் சாதித்தால் கிடைக்கும் பதக்கம்) ஒன்றுகூட இல்லை என்றால் சந்தேகம். பிளேநைட்டில் சேர்க்கும் சக்சஸ்ஸ்டோரி ஆட்-ஆன் அச்சீவ்மென்ட்களை இழுத்து வந்துவிடும் என்பதால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அச்சீவ்மென்ட்டே இல்லாத பழைய கேம்களுக்கு இது உதவாது, அங்கே நினைவுதான் துணை.

2014இல் ஆர்ஸ் டெக்னிகா தளம் ஸ்டீம் புரொஃபைல்களை மாதிரி எடுத்துக் கணக்கிட்டபோது, பதிவான கேம்களில் சுமார் 37 சதவீதம் ஒருமுறைகூடத் திறக்கப்படவில்லை என்று வந்தது. பேக்லாக் பேச்சு வந்தாலே யாராவது அந்த எண்ணை எடுத்துப் போடுவார்கள். மேலே சொன்ன இரட்டைப் பதிவுகளும் பண்டில் உபரிகளும் அதிலும் கலந்திருக்கும் என்பதை மனதில் வைத்துத்தான் அதைப் படிக்க வேண்டும்.

இனி என்னை அதிகம் படுத்திய வேலை: ஒரு கேமை முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று ஆடியவர்களே பதியும் ஹவ்லாங்டுபீட் தளத்தின் நேரத்தைப் பொருத்துவது. மீதியிருப்பவற்றை நீளத்தை வைத்து அடுக்கினால்தான் எதை எப்போது ஆடுவது என்று திட்டம் போட முடியும். அந்தத் தளத்துக்கு அதிகாரபூர்வமான ஏபிஐ (வேறு மென்பொருள் தகவலை நேரடியாக எடுக்கும் வழி) கிடையாது. பிளேநைட்டின் ஆட்-ஆன் கேமின் பெயரை வைத்துத்தான் தேடுகிறது. ப்ரே என்று தேடினால் 2006 ஒன்று, 2017 ஒன்று, இரண்டும் முற்றிலும் வேறு கேம்கள். டூம் என்றால் 1993, 2016. டூம்ப் ரைடர் என்றால் 1996, 2013. பெயருக்குப் பின்னால் 'கேம் ஆஃப் த இயர் எடிஷன்' என்ற வால் இருந்தால் சில சமயம் எதுவுமே கிடைக்காது. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஓடவிட்டால் தவறான நேரம் ஒட்டிக்கொண்டுவிடும், பிறகு எது தவறு என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. தேர்வு ஜன்னல் ஒவ்வொரு முறையும் வரட்டும் என்று விட்டு, வெளியான ஆண்டைப் பார்த்துப் பார்த்துப் பொருத்தினேன். ரீமாஸ்டர்களுக்கு மூல கேமின் பக்கத்தையே கொடுத்தேன், அங்கேதான் அதிகம் பேர் நேரம் பதிந்திருக்கிறார்கள். பொறுமை வேண்டும், ஆனால் செய்து முடித்தால் பட்டியல் தெளிவாகிவிடுகிறது.

அந்தத் தளம் தரும் மூன்று நேரங்களில் (முதன்மைக் கதை, உபரி வேலைகளோடு, முழுவதும்) முதன்மைக் கதைக்கான நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். விட்சர் 3க்கு அது சுமார் 50 மணி நேரம், உபரி வேலைகளையும் சேர்த்தால் இரு மடங்கு. ஃபேக்டோரியோ, சிவிலைசேஷன் மாதிரி திரும்பத் திரும்ப ஆடிக்கொண்டே இருக்கக்கூடியவற்றுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. அவை தனி டேக்.

ஐந்து மணி நேரத்துக்குள் முடிபவை என்று ஒரு ஃபில்டர் போட்டேன். வரிசையாக வந்து நின்றன: இன்சைட், ஃபயர்வாட்ச், எ ஷார்ட் ஹைக், வெண்பா. எல்லாமே தொடாதவை, எல்லாமே அருமையானவை. வெண்பாவைப் பற்றித் தனியாகவே எழுதலாம். டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது, கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. பழுதான சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்று யோசிக்கவைக்கும் முதல் புதிரிலேயே என்னைப் பிடித்துவிட்டது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், ஆனால் மகன் கவின் தமிழைவிட்டு மெல்ல விலகும் இடங்கள் ரொம்ப நாளைக்குக் கூடவே வரும். 2024இல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதும் வாங்கியது. ஒரே மாலையில் அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்து முடித்தேன். "தேங்காயை இன்னும் கொஞ்சம் போடச் சொல்லுடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

குவியல் எங்கே தொடங்கியது என்றும் பார்த்தேன். ஸ்டீம் கணக்கின் லைசன்ஸ் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் தேதி இருக்கிறது. 2015 நவம்பரில் இந்தியாவுக்கு ரூபாய் விலை வந்தது. என் பட்டியல் வீங்க ஆரம்பிப்பதும் அங்கேதான். விலை குறைவு என்பதற்காக இனி வாங்குவதில்லை. ஆண்டுக்கு நான்கு பருவ சேல்கள் இருக்கின்றன, இன்று விட்ட விலை பெரும்பாலும் அடுத்த சேலில் திரும்பி வரும். ஸ்டீம்டிபி தளத்தில் பழைய விலை வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும். அதோடு ஸ்டீமின் ரீஃபண்ட் விதி: வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். வாங்கியதும் ஆடிப் பார்க்காவிட்டால் அந்த உரிமை போய்விடுகிறது. இப்போதெல்லாம் வாங்கிய அன்றைக்கே இன்ஸ்டால் செய்து ஒரு மணி நேரமாவது ஆடிப் பார்க்கிறேன், பிடிக்கவில்லையென்றால் அன்றே திருப்பிவிடுகிறேன்.

குடும்பத்துக்குள் கேம்களைப் பகிர உதவும் ஸ்டீம் ஃபேமிலீஸில் அக்கா பையனைச் சேர்க்கலாமா என்றும் ஒரு யோசனை. ஆறு பேர் வரை சேரலாம், நான் ஒன்று ஆடும்போதே அவன் வேறொன்றை ஆடலாம். ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் என்பது விதி. அவர்கள் மாடிக்கே குடிவருகிறார்கள் என்பதால் சிக்கல் இல்லை. விலகினாலும், சேர்ந்த நாளிலிருந்து ஓராண்டு ஆகும்வரை வேறு குடும்பத்தில் சேர முடியாது என்பதால் முதலில் அக்காவிடம் பேச வேண்டும்.

ஜிஓஜி வேலை இன்னும் தொடங்கவே இல்லை. அங்கே ஆஃப்லைன் இன்ஸ்டாலர்களையும் (இணையம் இல்லாமலே கேமை நிறுவ உதவும் கோப்புகள்) இறக்கி வைத்துக்கொள்ள ஆசை, அதற்கு வட்டில் இடம் போதாது. ரிச்சி தெருவில் 4 டிபி ஹார்ட் டிஸ்க் விசாரித்தேன். முதல் கடையில் பில் இல்லாமல் விலை சொன்னார்கள், வாரண்டி பற்றிக் கேட்டதும் பேச்சு மாறியது. பக்கத்துக் கடையில் கொஞ்சம் கூடுதல் விலை, ஆனால் ஜிஎஸ்டி பில்லோடு மூன்று ஆண்டு வாரண்டி. சம்பளம் வந்ததும் அங்கேதான் வாங்கப்போகிறேன். அதற்குள் 2017இன் ப்ரேயை முடித்துவிட வேண்டும், சுமார் 16 மணி நேரம்தான்.