பல்செட் மேல் பழி, குற்றவாளி மாத்திரை டப்பா

அம்மாவுக்குப் பல்செட் கட்டி எட்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் மேல் செட் பேசும்போதே நழுவ ஆரம்பித்தது, வாயெல்லாம் எரிச்சல் வேறு. கட்டிக்கொடுத்த டாக்டரிடம் மூன்று தடவை அலைந்தோம். ஒவ்வொரு தடவையும் செட்டைக் கொஞ்சம் ராவிக் கொடுத்து, "வயசானா எலும்பு தேயும்மா, பழகிக்கோங்க" என்று அனுப்பிவிட்டார். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவரும் கேட்கவில்லை, பல்லுக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று நாங்களும் சொல்லவில்லை.

நாலாவது தடவை வேறு டாக்டர். வாய்க்குள் விட்ட சின்னக் கண்ணாடி கன்னத்தில் ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. "எச்சிலே இல்லையே, என்ன மாத்திரை எடுக்கறாங்க?" என்றார். "வெள்ளை ரெண்டு, மஞ்சள் ஒண்ணு" என்று உளறினேன். வீட்டுக்கு ஓடி அட்டைகளை அள்ளி வந்தால், பாதி வெட்டிய துண்டுகள், பெயரே இல்லை. அன்றைய அலைச்சல் வீண்.

அடுத்த முறை பழைய சீட்டுகளைப் பார்த்து எட்டு மாத்திரையையும் எழுதிப் போனேன். அதில் நாலு வாயை உலர்த்தும் ரகம்: நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், சிறுநீர் அவசரத்துக்கு ஆக்ஸிபியூட்டினின், ஓர் அலர்ஜி மாத்திரை, நீர் பிரிய ஒன்று. மேல் செட் அண்ணத்தில் நிற்பதே மெல்லிய எச்சில் படலத்தால்தானாம். அது வற்றினால் பிடிப்பும் போகும், உரசிப் புண்ணும் வரும். அம்மாவின் அண்ணத்தில் செட்டின் அளவுக்கே சிவப்பு, பூஞ்சைத் தொற்று.

அதற்கு மைக்கோனசோல் ஜெல் எழுதத் தொடங்கியவர், பட்டியலில் ரத்தம் உறையாமலிருக்க அம்மா சாப்பிடும் வார்ஃபரினைப் பார்த்ததும் அடித்துவிட்டு நிஸ்டாடின் சொட்டு எழுதினார். அந்த ஜெல் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டி ரத்தக்கசிவு வரை கொண்டுபோய்விடுமாம். என் கோணல் கையெழுத்துக் காகிதம் செய்த வேலை அது!

அலர்ஜி மாத்திரை எப்போதோ ஒரு சளிக்குக் கொடுத்தது, நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பொது டாக்டர் அதை நிறுத்தி, அமிட்ரிப்டிலினைப் படிப்படியாகக் குறைத்தார். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். வறட்சிக்காக அம்மா சர்க்கரை மிட்டாய் சப்பியதில் மிச்சமிருந்த சொந்தப் பற்களின் வேரோரம் சொத்தை வந்தது தனிக் கதை. இப்போது ராத்திரி செட்டைக் கழற்றித் தண்ணீரில் போடுகிறோம். கொதிநீர் கூடாது, வளைந்துவிடும்.

பட்டியல் இப்போது போனில் போட்டோவாக இருக்கிறது. போன வாரம் கண் டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே நீட்டிவிட்டேன்.