அசையாமல் நின்ற பிள்ளை

"நான் எதையும் தொடல டீச்சர்" என்று அந்தச் சிறுமி சொன்னதற்கும் அதற்கு நான் சொன்ன பதிலுக்கும் இடையே பத்து நொடிகூட ஆகியிருக்காது. இரண்டு ஆண்டுகள் ஆகியும் நினைவு அந்தப் பத்து நொடிக்கே திரும்பிக்கொண்டிருக்கிறது.

நாங்கள் அமைத்த காட்சி அறையின் தரையில், புரொஜெக்டர் வீசிய படமாகத் தாமிரபரணி ஓடிக்கொண்டிருந்தது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் வரையிலான ஏறத்தாழ 128 கிலோமீட்டரை ஓர் அறையின் தரைக்குள் சுருக்கி, எட்டு அணைக்கட்டுகளையும் குறித்து, பிள்ளைகள் கால் வைக்கும் இடத்தில் மதகு திறக்கும்படி அமைத்திருந்தோம். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் ஒரு பக்கம் மிதித்தால் வடகால் என்ற வாய்க்காலில் நீர் பாயும். மறுபக்கம் மிதித்தால் தென்காலில் பாயும். இரு பக்கமும் பலர் நின்றுவிட்டால் கடலுக்குப் போகும் நீர் மெலிந்துவிடும். மற்றப் பிள்ளைகள் குதித்து முடித்து அடுத்த அறைக்கு ஓடிவிட்டார்கள். இவள் மட்டும் வடகால் பிரியும் இடத்தருகே நின்று, நீர் எங்கே திரும்புகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் ஆறு மறைந்தது. தொடக்கத் திரையான நிறுவனத்தின் பெயர் தரையில் வந்து நின்றது. அவள் தன் பாதங்களைப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எதையும் தொடவில்லை என்று சொன்னாள்.

ஆசிரியை என் பக்கம் திரும்பி, "அவ சும்மா நிக்கல சார், பாத்துக்கிட்டுதான் நின்னா" என்றார். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். நான், "அசைஞ்சாத்தான் சென்சாருக்குத் தெரியும் டீச்சர், கொஞ்சம் கையை ஆட்டச் சொல்லுங்க" என்றேன். அவள் கையை ஆட்டினாள். ஆறு திரும்பி வந்தது, ஆனால் அவள் விட்ட இடத்திலிருந்து அல்ல, பொதிகையிலிருந்து. மறுபடியும் போய்விடுமோ என்ற பயத்தில் கூரையிலிருந்த கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே நின்றாள். ஆற்றைப் பார்க்கவில்லை.

நான் சொன்னதில் தொழில்நுட்ப ரீதியாகப் பிழை ஏதும் இல்லை. அந்தக் கேமரா அகச்சிவப்பு ஒளியில் மட்டுமே பார்க்கும். புரொஜெக்டர் வீசும் படம் அதன் கண்ணில் படக்கூடாது என்பதற்காக அப்படி வைப்போம். வெறும் தரை எப்படி இருக்கும் என்பதை மென்பொருள் வைத்துக்கொண்டு, அதிலிருந்து மாறுபடுவதை எல்லாம் ஆள் என்று எடுத்துக்கொள்ளும். வாசல் திரை விலகி வெயில் உள்ளே விழுந்தால், வெயிலிலும் அகச்சிவப்பு இருப்பதால், தரையின் தோற்றமே மாறிவிடும். ஆகவே அந்த வெறுந்தரைப் படத்தைச் சிறிது சிறிதாகப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும்படி அமைப்பது வழக்கம். இதனால் நெடுநேரம் அசையாத எதுவும் தரையோடு தரையாகிவிடும். பிள்ளைகள் இறக்கிவைக்கும் புத்தகப் பைகள் மதகுகளைத் திறந்தபடி கிடக்காமல் இருக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. பைகளை நினைத்துச் செய்த ஏற்பாட்டில் அந்தப் பிள்ளையும் அகப்பட்டுக்கொண்டாள். அந்த மாத அறிக்கைக்காக நானே எடுத்த பதிவில், அவள் நின்று பார்த்த நேரம் "அறை காலி" என்றுதான் இருந்தது.

நாற்பது நொடி யாரும் இல்லையென்றால் தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற முடிவையும் நான்தான் எடுத்தேன். நாற்பது பிள்ளைகள் கொண்ட குழுக்கள் இருபது நிமிடத்துக்கு ஒன்றாக வரும் இடத்தில், முன்னால் வந்தவர்கள் பாதியில் விட்டுப்போன ஆற்றுக்குள் அடுத்த குழு நுழைந்தால் அவர்களுக்கு எதுவும் புரியாது. இதை இன்று கேட்டாலும் சரி என்றே சொல்வேன். அப்படிச் சொல்லும்போதே, முன்னோட்டச் சோதனை நடந்த ஏழு நாளும் நான் பிள்ளைகளிடம் "உள்ளே போய் விளையாடுங்கள்" என்று சொல்லியே அனுப்பியதும் நினைவுக்கு வருகிறது. விளையாடச் சொன்னதால் எல்லாரும் அசைந்தார்கள். நின்று பார்க்கும் பிள்ளை ஒருத்திகூட என் சோதனையில் வர வழியே இருக்கவில்லை.

ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற அறிவியல் அருங்காட்சியகத்தைத் தொடங்கியபோது, வருபவர்களே கருவிகளை இயக்கிப் பார்க்கலாம் என்பது அருங்காட்சியகங்களுக்குப் பெரிய மாற்றமாக இருந்தது. தொடாதே என்ற பலகைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த வழி மிகவும் பிடித்திருந்தது, இன்றும் பிடிக்கிறது. ஆனால் அங்கே ஒருவர் கைவைக்காமல் நின்றால் எதிரே இருக்கும் கருவி மறைந்துவிடுவதில்லை. தொடலாம் என்ற அனுமதியை, அசைந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமாக மாற்றியது என் அறைதான். ஒருவேளை இதைப் பெரிதுபடுத்துகிறேனோ என்னவோ. அடுத்த அறைக்குப் போனதுமே அவள் மறந்திருக்கக்கூடும்.

பிறகு அந்த நாற்பது நொடியை மூன்று நிமிடமாக உயர்த்தினேன். வாசலில் பைகளுக்கு ஓர் அடுக்கு வைத்து, உள்ளே நின்றவரைத் தரையாக எடுத்துக்கொள்ளாதபடி மென்பொருளையும் மாற்றினேன். கூட்டமான நாட்களில் அடுக்கு நிறைந்துவிடுகிறது. பைகள் உள்ளே வருகின்றன. ஆளே இல்லாமல் வடகாலில் நீர் பாய்ந்துகொண்டிருக்கிறது. அடுத்த குழுவும் பாதி ஆற்றில்தான் நுழைகிறது. ஆட்களே இல்லாவிட்டாலும் ஆறு ஓடினால் என்ன என்று ஒருமுறை கூட்டத்தில் கேட்டுப் பார்த்தேன். பெயர் தெரியும் திரை வேண்டும் என்றார்கள்.

சென்ற மாதம் வேறொரு வேலைக்கான சோதனையில் பிள்ளைகளிடம் எதுவும் சொல்லாமல் கதவை மட்டும் திறந்துவிட்டேன். இரண்டு பேர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மற்றவர்கள் ஓடுவதையும் தரையில் நீர் விரிவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது பிடித்திருந்ததா, அலுத்துப்போயிருந்ததா என்று அவர்கள் முகத்திலிருந்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பக்கத்தில் போய்க் கேட்டால் பார்ப்பது கலைந்துவிடும் என்று தோன்றியது. கேட்காமல், குறிப்பேட்டில் இரண்டு பேர் என்று மட்டும் எழுதிக்கொண்டேன்.